ஆட்டுக்குட்டிக்கு எப்ப பால் மறக்கடிக்கிறது, எப்படி தீனி குடுக்கறது: கடைக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன தீவனக் கடை, கடைக்குப் பின்னாடியே பட்டி, அதுல குட்டியும் தாயுமா முப்பத்திச் சொச்சம் ஆடு. வேலந்தாவளம், கோபாலபுரம்னு கேரளா-தமிழ்நாடு எல்லை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ரெண்டுலயும் இருந்து புண்ணாக்கு, தவிடு வாங்க வர்றாங்க, மூட்டைய வண்டில ஏத்திட்டு "அக்கா ஒரு சந்தேகம்"னு நிப்பாங்க, மலையாளத்துக்காரங்கன்னா "சேச்சி". கேள்வி திரும்பத் திரும்ப அதேதான், அதனால எழுதி வெச்சிட்டேன். நான் டாக்டர் இல்ல, கறிக்கு குட்டி வளக்குறவ, அவ்வளவுதான். மருந்து, ஊசி விஷயத்துக்கு மிருகாஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

பால் மறக்கடிக்கிறதுன்னா என்னக்கா, தாய்கிட்ட இருந்து பிரிச்சுக் கட்டுனா முடிஞ்சுது இல்லையா?

முடியல, அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. ஆட்டு வயித்துல நாலு அறை இருக்குது. பொறந்த குட்டிக்கு அதுல நாலாவதுதான் பெருசு, அசை போடற பெரிய பை சும்மா சுருங்கிப்போன பலூன் மாதிரி கெடக்கும். குட்டி காம்ப சப்புறப்ப தொண்டைல இருந்து ஒரு வாய்க்கா மாதிரி மூடிக்கிட்டு பால் அந்தப் பெரிய பைக்குள்ள போகாம நேரா நாலாவது அறைக்கே போயிடும். அந்தப் பை வளந்து வேல செய்ய ஆரம்பிக்காம நீங்க எவ்வளவு தழை போட்டாலும் ஒடம்புல ஒட்டாது.

அந்தப் பை ஓரளவு தயாராக 2 மாசம் ஆகும், அதுவும் நீங்க 2ஆவது வாரத்துல இருந்தே தீனி பழக்கியிருந்தா. பிரிச்சுக் கட்டுறது அந்த வேலையோட கடைசி நாள், அவ்வளவுதான்.

ஒருத்தர் 45 நாள்ங்கறார், ஒருத்தர் 3 மாசம்ங்கறார், எதக் கேக்கறது?

ரெண்டு பேருமே பொய் சொல்லல. நம்ம பக்கம் வழக்கம் 3 மாசம். நல்லா தீவனம் பழகுன குட்டிய 60, 70 நாள்லயே பிரிக்கலாம், 45 நாள்ங்கறது பாட்டில் பால், குட்டித் தீவனம், சுத்தமான பரண் எல்லாம் வெச்சு கைக்குள்ள வளக்குறவங்களுக்கு. மேய்ச்சல நம்பியிருக்குறவங்க 45 நாள் பக்கமே போகாதீங்க.

நான் காலண்டரப் பாக்கறதில்ல, எடையப் பாப்பேன். பொறந்த எடைக்கு ரெண்டரை மடங்கு வந்துருக்கணும்ங்கறது கீழ்க்கோடு, 2 கிலோல பொறந்தது 5 கிலோ. ஆனா அது கீழ்க்கோடுதான், நான் 4 மடங்கு, அதாவது 8 கிலோ பக்கம் வரட்டும்னு காத்திருப்பேன். எடையோட இன்னும் ரெண்டு பாக்கணும், தாய விட்டுத் தனியா வந்து தீவனத் தொட்டில தானா திங்குதா, படுத்து அசை போடுதா. இந்த மூணும் சேந்தா பிரிக்கலாம். எடை போட பெரிய மிஷின் வேண்டாம், கொக்கித் தராசும் ஒரு சாக்குப்பையும் போதும், பொறந்த அன்னிக்கு ஒரு தரம் தொங்கவிட்டு செவுத்துல கரில எழுதி வெச்சிடுங்க.

நஞ்சுக்கொடி விழுந்தப்புறம்தானே சீம்பால் குடுக்கணும்? எங்க மாமியார் அப்படித்தான் சொல்றாங்க

மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடுங்க, காத்திருக்கவே கூடாது. குட்டி எந்திரிச்சு நின்னதும், அரை மணி நேரத்துக்குள்ள, மிஞ்சிப் போனா 1 மணி நேரத்துல சீம்பால் உள்ள போயிடணும். ஆட்டுக்கு வயித்துக்குள்ள இருக்குறப்ப தாயோட நோய் எதிர்ப்பு சக்தி குட்டிக்குப் போறதில்ல, மொத்தமும் சீம்பால்லதான் வருது. குட்டியோட குடல் அத அப்படியே உறிஞ்சறதும் மொத நாள் மட்டுந்தான், மணிக்கு மணி கொறஞ்சுக்கிட்டே வந்து 24 மணி நேரத்துல கதவு சாத்துன மாதிரி ஆயிடும். இன்னொண்ணு, குட்டி சப்பச் சப்பத்தான் கருப்பை சுருங்கி நஞ்சும் சீக்கிரம் விழும், அதனால மாமியார் சொல்றது தலகீழு.

அளவு, மொத நாள்ல எடைல பத்துல ஒரு பங்கு, 2 கிலோ குட்டின்னா 200 மில்லி, நாலஞ்சு தரமா. காம்பு நுனில ஒரு அடைப்பு இருக்கும், ரெண்டு பீச்சு பீச்சி விட்டுட்டு குட்டிய வெய்யுங்க. தாய்க்கு பால் எறங்கலேன்னா அன்னிக்கு ஈன்ற வேற ஆட்டோட சீம்பால், அதுவும் இல்லேன்னா பசுவோட சீம்பால்.

தாய்கிட்டயே விடறது நல்லதா, பாட்டில்ல குடுத்து வளக்கறது நல்லதா?

கறிக்கு வளக்குறவங்களுக்கு தாய்கிட்ட விடறதுதான் நல்லது, வேலயும் மிச்சம் குட்டியும் தேறும். பாட்டில் எப்ப வேணும்னா மூணு குட்டி போட்டா. மலபாரி ஆடு ரெண்டு சர்வசாதாரணமா போடும், மூணும் போடும், ஆனா ஆண்டவன் காம்பு ரெண்டுதான வெச்சிருக்கான். மூணுல சின்னது எப்பவும் வெளில தள்ளப்படும், அதத்தான் பாட்டிலுக்கு எடுக்கணும்னு தோணும், ஆனா சீம்பால் குடிச்சு முடிச்சதும் பெரிய குட்டிய எடுத்தாலும் நல்லாத்தான் பழகும், சின்னதுக்கு தாய்மடி கெடைக்கும். நான் ரெண்டு விதமும் செஞ்சிருக்கேன், பெருச எடுக்குறதுதான் எனக்கு ஒத்து வந்துச்சு.

ஒரு நாளைக்கு எடைல 10ல இருந்து 15 சதவீதம் பால், 3 கிலோ குட்டின்னா 300ல இருந்து 450 மில்லி. மொத வாரம் 4 தரம், அப்புறம் 3, ஒரு மாசத்துக்கு மேல 2 தரம். சூடு நம்ம கைல ஊத்துனா சூடும் தெரியாம குளிரும் தெரியாம இருக்கணும். ரெண்டு வேள விட்டுட்டு மூணாவது வேள மொத்தமா ஊத்தாதீங்க, வயிறு உப்பிக்கும்.

முக்கியமா, குட்டிய மடில மல்லாக்கப் போட்டு கொழந்தைக்கு ஊட்டற மாதிரி ஊட்டாதீங்க! நாலு கால்ல நிக்கணும், கழுத்து மேல நீண்டிருக்கணும், தாய்மடில எப்படி நிக்குமோ அப்படி. அப்பத்தான் மொதக் கேள்வில சொன்ன அந்த வாய்க்கா மூடும், பாலும் நொரையீரலுக்குள்ள போகாது. சப்பத் தெம்பில்லாத குட்டி வாய்ல பால ஊத்தாதீங்க, புரை ஏறி அங்கயே போயிடும், ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க, அவங்க குழாய் போட்டு எறக்குவாங்க.

பசும்பால் குடுக்கலாமா? பாக்கெட் பால்? கஞ்சி?

பசும்பால் தாராளமா குடுக்கலாம், தண்ணி ஊத்தாம. ஆட்டுப் பால்ல இருந்து ஒரேயடியா மாத்தாம 4, 5 நாளா கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. பாக்கெட் பால்னா கொழுப்பு நெறய இருக்குறதா பாத்து வாங்குங்க. கன்னுக்குட்டிக்கு விக்கிற பால் பவுடர் வாங்குனா மூட்டைல எழுதியிருக்குறதப் படிங்க, முக்கியமா சோயாப் புரதத்துல பண்ணதா இருந்தா குட்டிக்கு 3 வாரம் ஆகறதுக்குள்ள குடுக்க வேண்டாம், செரிக்காது.

கஞ்சி வேண்டவே வேண்டாம். மாவுச்சத்த ஒடைக்கிற சக்தி பிஞ்சுக் குட்டிக்கு கெடையாது, கழிச்சல்தான் வரும். செலவு கேக்குறவங்களுக்கு ஒரு கணக்கு, 2ஆவது வாரத்துல இருந்து 60 நாள் வரைக்கும் தெனம் அரை லிட்டர்னா ஒரு குட்டிக்கு 26 லிட்டர் சொச்சம். உங்க ஊர் பால் வெலையால பெருக்கிப் பாருங்க, 3 மாசக் குட்டி என்ன வெலைக்குப் போகுதுன்னும் பாருங்க, தாய்கிட்ட விடச் சொல்றது ஏன்னு புரியும்.

எத்தனாம் நாள்ல இருந்து தழையும் தீவனமும் காட்டணும்?

10, 12 நாள்ல தாயப் பாத்து தானா கடிச்சுப் பாக்க ஆரம்பிக்கும், 2 வாரத்துல இருந்து நீங்களும் வெச்சிடுங்க. தழை பையப் பெருசாக்கும். தீவனம் அந்தப் பைக்குள்ள புளிச்சு ஒரு அமிலம் உண்டாகும், அந்த அமிலம்தான் உள்சுவருல நாக்கு நாக்கா முளைக்க வெக்கும், சத்த உறிஞ்சறது அந்த நாக்குங்கதான். அதனால தழை மட்டும் போட்டு வளத்த குட்டிக்கு வயிறு பானை மாதிரி இருக்கும், முதுகெலும்பு துருத்திக்கிட்டு இருக்கும், பாத்திருப்பீங்க.

தீவனம் தாய் திங்காம இருக்க பட்டி மூலைல குட்டி மட்டும் நொழையுற சந்து விட்டு ஒரு தடுப்பு கட்டுங்க, கொடாப்பு போட்டு மூடி வெக்கறதவிட இது நல்லது, குட்டி நெனச்சப்ப போய் வரும். நான் கலக்குறது 10 கிலோவுக்கு ஒடச்ச மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப்புண்ணாக்கு 3 கிலோ, கோதுமைத் தவிடு 2 கிலோ 700, தாது உப்பு 200 கிராம், கல்லுப்பு பொடிச்சது 100 கிராம். மொதல்ல ஒரு கைப்பிடி எல்லா குட்டிக்கும் சேத்து, 1 மாசத்துல தலைக்கு 50 கிராம், 2 மாசத்துல 100, பிரிக்கறப்ப 200 வந்துருக்கணும். மிஞ்சுனத தாய்க்குப் போட்டுட்டு தெனம் புதுசா வெய்யுங்க, எச்சில் பட்ட பழைய தீவனத்த மோந்து பாத்துட்டு போயிடும். பூஞ்சை வாடை அடிக்கிற புண்ணாக்க ஆட்டுக்குப் போடாதீங்க, நான் விக்கிறதா இருந்தாலும் திருப்பிக் கொண்டாந்து குடுங்க.

தழைல அகத்தி, வேலிமசால், கல்யாண முருங்கை, காஞ்ச கடலைக்கொடி எல்லாம் நல்லது. பலா எலை நம்ம கேரளாக்காரங்க கண்ண மூடிக்கிட்டு போடுவாங்க, தப்பில்ல. சவுண்டல் (சூபாபுல்) மொத்தத் தழைல மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். மரவள்ளி எலை, இளஞ்சோளத் தட்டு பச்சையா போடாதீங்க, விஷம். எதுவா இருந்தாலும் கட்டித் தொங்க விடுங்க, தரைல போட்டா சாணியோட புழு முட்டையும் சேந்து உள்ள போகும்.

பாலே குடிக்குதே, தண்ணி எதுக்கு?

பால் அந்தப் பெரிய பைக்கே போகலேன்னு மேல சொன்னேன் இல்லையா. அந்தப் பைக்குள்ள தீவனம் ஊறிப் புளிக்கணும்னா தண்ணி வேணும், அது குடிக்கிற தண்ணில இருந்துதான் போகும். தண்ணி வெக்காத பட்டில குட்டி தீவனம் திங்காது, அப்புறம் எங்கிட்ட வந்து "தீவனம் சரியில்ல"ங்கறது!

அட்டப்பாடி கருப்பாடு, மலபாரி, போயர் கிராஸ் எல்லாத்துக்கும் ஒரே கணக்கா?

இல்ல. அட்டப்பாடி கருப்புக்கு பால் கம்மி, குட்டியும் சின்னதா பொறக்கும், அதனால 8 கிலோன்னு அடம் புடிக்காம பொறந்த எடைல இருந்து எத்தன மடங்குன்னு பாருங்க. மலபாரில மூணு குட்டி போட்டவளோட பால் மூணுக்கும் பத்தாது, தீவனத்த முன்னாடியே பழக்கணும். போயர் கிராஸ், அதாவது போயர்ங்கற கறி ஆட்டு இனத்தோட கலந்த குட்டி, வேகமா ஏறும், ஆனா தீனி கொறஞ்சா அதே வேகத்துல எறங்கும்.

எப்படிப் பிரிக்கறது, ஒரே நாள்ல தூக்கிக் கட்டிடலாமா? காம்புல சாணி பூசறாங்களே?

நான் செய்யறது, மொத 1 வாரம் ராத்திரி மட்டும் தனி, காலைல பால் குடிக்க விடறது. அடுத்த வாரம் ஒரு நாளைக்கு ஒரு தரம் மட்டும். அப்புறம் நிறுத்தம். நடுவுல ஒரு வேலி, அந்தப் பக்கம் தாய் இந்தப் பக்கம் குட்டி, மூஞ்சி தெரியும் மடி எட்டாது. பழகுன எடத்துல குட்டிய விட்டுட்டு தாயத்தான் நகத்தணும், பலபேர் மாத்திச் செய்யறாங்க. சாணி, வேப்பெண்ணெய் பூசுனா ரெண்டு நாள் தாங்கும், அப்புறம் அந்த ருசியும் பழகிடும். முள்ளு வெச்ச வாய்க்கூடு கறிக்குட்டிக்கு போடாதீங்க, தீனியும் சேந்து கொறையும்.

பிரிக்கிற வாரத்துல வேற ஒண்ணும் பண்ணாதீங்க. காயடிக்கறது, ஊசி, புதுத் தீவனம், எடம் மாத்தறது எல்லாத்தையும் ஒரே நாள்ல வெச்சா குட்டி எதத் தாங்கும்? தாய்க்கு 3 நாள் முன்னாடியே அடர்தீவனத்த (புண்ணாக்கு, தவிடு, தானியம்) நிறுத்திடுங்க, பால் தானா வத்தும். மடி கனமா இருக்குன்னு ஒட்டக் கறந்தா மறுபடி ஊறும், வலி தெரிஞ்சா கொஞ்சமா எறக்கி விடலாம். சூடா கல்லு மாதிரி ஆச்சு, பால் திரியா வருதுன்னா மடிநோய், டாக்டரக் கூப்புடுங்க.

பிரிச்சு 1 வாரம் ஆச்சு, கத்திக்கிட்டே இருக்குது, எளச்சும் போச்சு, திரும்ப விட்டுடட்டுமா?

கத்தறது 2, 3 நாள் இருக்கும். 1 வாரம் எடை ஏறாம நிக்கறதும் சகஜம். 10 நாளுக்கு மேலயும் எறங்கிட்டே போனா அப்ப பிரிக்கறதுக்கு முன்னாடி அது தீவனம் திங்கவே பழகலன்னு அர்த்தம், இல்ல வயித்துக்குள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

சாணி தண்ணியா, சளியோட, சில நேரம் ரத்தம் கலந்து வந்தா காக்சிடியாங்கற கிருமியால வர்ற ரத்தக்கழிச்சலா இருக்கலாம், மூணு வாரத்துல இருந்து 5, 6 மாசம் வரைக்கும் உள்ள குட்டிக்குத்தான் ஜாஸ்தி, பிரிச்ச ஒடனே தாக்கும். இங்க ஒரு பெரிய ஏமாத்தம் இருக்கு, ஆல்பெண்டசோல் குடுத்துட்டேன்ம்பாங்க, அது குடல்புழுவுக்கு, இந்தக் கிருமிய ஒண்ணும் பண்ணாது, இதுக்கு மருந்தே வேற. ஒரு கவர்ல சாணி எடுத்துக்கிட்டு மிருகாஸ்பத்திரிக்குப் போனா பாத்து சொல்லிடுவாங்க. ஈரத் தரையும் நெரிசலும்தான் இதுக்கு வீடு.

சீக்கிரம் பிரிச்சா கடைசில கறி எடை கொறயுமா? நேரா சொல்லுங்கக்கா

பிரிச்சப்புறம் என்ன போடறீங்கங்கறதப் பொறுத்தது. 60 நாள்ல பிரிச்ச குட்டிக்கு நல்ல தீவனம் தொடர்ந்தா 8, 9 மாசத்துல விக்கிறப்ப 3 மாசத்துல பிரிச்சதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியல. 60 நாள்ல பிரிச்சு வெறும் மேய்ச்சலுக்கு ஓட்டுனா அது எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. ஒரு தடவ நானே 50 நாள்ல ஒரு ஈத்த மொத்தமா பிரிச்சேன், ஆனி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பட்டிய ஊடுருவி அடிக்குது, சாரல் வேற. ரெண்டு குட்டி சளி புடிச்சே போச்சு, மிச்சத்த விக்க 1 வருஷம் ஆச்சு. அதுல இருந்து ஆனி, ஆடில பிரிக்கற வயசு வந்தாலும் காத்து அடங்கட்டும்னு 2, 3 வாரம் தள்ளிப் போட்டுடறேன், காத்து வர்ற பக்கம் சாக்குப் படுதாவும் கட்டிடறேன்.

அப்ப சீக்கிரம் பிரிக்கறதுல லாபமே இல்லையான்னா, லாபம் தாய்கிட்ட. சினைக்காலம் 150 நாள். 2 வருஷத்துல 3 ஈத்து எடுக்கணும்னா 8 மாசத்துக்கு ஒண்ணு, அதாவது ஈன்ற 90 நாளுக்குள்ள மறுபடி சினை நிக்கணும். குட்டி உறிஞ்சிக்கிட்டே இருந்தா தாய் எளச்சு பருவத்துக்கு வர தாமசமாகும். அதனால தாய் ஒடம்பப் பாத்துட்டு 70, 75 நாள்ல பிரிச்சா ரெண்டு பக்கமும் தப்பும்.

பிரிக்காம பால்குட்டியாவே கறிக்கு வித்துட்டா என்ன?

நல்ல யோசனைதான், நெறய பேர் கணக்குப் பாக்காம ஒதுக்கறாங்க. 3 மாசத்துல 10 கிலோ பக்கம் இருக்குற குட்டிய தாய்மடில இருந்து நேரா வித்தா பிரிக்கற எளைப்பும் இல்ல, பிரிச்சப்புறம் தீவனச் செலவும் இல்ல, பால்குட்டிக் கறி வெளுப்பா மெதுவா இருக்கும்னு கேட்டு வாங்கற ஆளும் இருக்கு. ஆனா உயிர் எடைல பாதிக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் கறி நிக்கும், வியாபாரி அதச் சொல்லியே வெலையக் கொறப்பார். கண்ணால மதிப்பு போட விடாதீங்க, சாக்குத் தராசுல தொங்க விட்டுட்டு பேசுங்க. பக்ரீத்துக்கு வெச்சிருக்கவங்களுக்கு இது பொருந்தாது, அதுக்கு வயசும் வளத்தியும் வேணும்.

பிரிச்சாச்சு, இனி சோறு, சோளம்னு நெறய போட்டு சீக்கிரம் தேத்தலாமா சேச்சி?

கல்யாண வீட்டு மிச்சச் சோறு, பலாப்பழ சீசன்ல பழக்கழிவு, இது ரெண்டுலயும்தான் இங்க நல்ல நல்ல குட்டிங்க சாகுது. ஒரேயடியா மாவும் சர்க்கரையும் உள்ள போனா வயித்துல அமிலம் பொங்கி வயிறு நின்னு போகும். அதவிட மோசம் துள்ளுமாரி, ராத்திரி நல்லா தின்ன குட்டி காலைல துள்ளி விழுந்து செத்துக் கெடக்கும், அதுவும் இருக்குறதுலயே கொழுத்த குட்டிதான். அதுக்குத் தடுப்பூசி இருக்கு, 3 மாசம் சுமாருக்கு போட்டு 2 வாரத்துல இன்னொண்ணும் போடச் சொல்வாங்க, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் (PPR) 3, 4 மாசத்துல போடலாம். பிரிக்கிற வாரத்தோட மோதாம தேதி வாங்கிக்கங்க. தீவனத்த 2 வாரமா படிப்படியா ஏத்துங்க, தழைய நிறுத்தவே கூடாது.

கிடாக்குட்டிக்கு மூத்திரம் போக மாட்டேங்குது, முக்கிக்கிட்டு நிக்குது. வெயில் சூடுதானே?

சூடு இல்ல, கல்லு. தவிட்டுலயும் தானியத்துலயும் பாஸ்பரஸ் ஜாஸ்தி, சுண்ணாம்புச் சத்து கம்மி, அது சேந்து கல்லாகி கிடாயோட மெல்லிசான குழாய்ல அடைச்சுக்கும். பிஞ்சுலயே காயடிச்சா குழாய் விரியாம இன்னும் ஜாஸ்தியாகும்ங்கறாங்க. மோர், வெந்தயம்னு பொழுத ஓட்டாம அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, மூத்திரப் பை வெடிச்சா அவ்வளவுதான். முன்னாடியே தடுக்கணும்னா மேல சொன்ன கலவைல பிரிச்சப்புறம் தவிட்டக் கொறச்சிடுங்க, தண்ணியும் உப்பும் எப்பவும் இருக்கட்டும்.

கிடாவும் பெட்டையும் ஒரே பட்டில விடலாமா?

4 மாசத்துக்குள்ள பிரிச்சிடுங்க. கிடாக்குட்டிக்கு அக்கா தங்கச்சி தெரியாது.

பிரிச்சு 1 மாசம் கழிச்சு சேத்து மேய விட்டேன், ஓடிப்போய் மறுபடி குடிக்குது, தாயும் நின்னு குடுக்குது!

குடுக்கும். பால் முழுசா வத்துற வரைக்கும் சேக்கக் கூடாது, 1 மாசம்னு கணக்கு இல்ல, மடி சுருங்கித் தோலா தொங்கணும். எங்க பட்டிலயே ஒரு கெழட்டு மலபாரி இருக்கு, தன் குட்டி, அடுத்தவ குட்டின்னு பாக்காம கால அகட்டி நிப்பா, 7 மாசக் கிடா கூட முட்டி போட்டு குடிச்சிருக்கு. அவளுக்கு வேலி, சாணி எதுவும் சரிப்படல, பழைய பனியன் துணில மடிக்குப் பை தெச்சு முதுகுல நாடாவ கட்டி விட்டிருக்கேன், அப்படியேதான் மேய்ச்சலுக்குப் போறா.